ரசத்தில் கலக்கும் மாத்திரையும் வேண்டாம், ராத்திரி வரும் வண்டியும் வேண்டாம்

பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 39, வீட்டுக்காரருக்கு 45. வீட்டை ஒட்டிய செட்டில் எட்டு விசைத்தறி. பாவும் நூலும் வாங்கி வந்து கூலிக்கு நெய்து கொடுக்கிறார்கள். கல்யாணமான புதிதில் சனிக்கிழமை கூலிப் பணம் கைக்கு வந்தால் மட்டும் குடித்தவர், ஆறேழு வருடமாகத் தினமும் குடிக்கிறார். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. முந்தின ராத்திரியே வாங்கிக் கோன் பெட்டிக்குள் ஒளித்து வைத்த பாட்டிலில் இருந்து ஒரு கட்டிங் உள்ளே போனால்தான், அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட விரல் நிற்கிறது. மாமனாரும் குடித்தே ஈரல் கெட்டு இறந்தவர். வீட்டுக்காரர் குடித்த நேரத்தில் இரண்டு முறை மனைவி மேல் கை நீட்டியிருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள்.

வருடா வருடம் தைப்பூசத்துக்கு மாலை போட்டால், பழனிக்கு நடந்து போய்த் திரும்பும் வரை தொட மாட்டார். இந்த முறையும் போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி, தறியில் பாம்பு ஊர்கிறது, பாவு முழுக்க எறும்பு என்று கத்திக்கொண்டு, ஓடாத தறியின் பாவை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. மகளைப் பார்த்து "யாரு நீ?" என்று கேட்டிருக்கிறார். விரதத்தில் ஏதோ தப்பு, தெய்வக் குத்தம் என்று சொல்லி, கோயிலுக்குக் கூட்டிப் போய் மந்திரித்து மாலையைக் கழற்றினார்கள். யாரோ ஒரு குவாட்டர் வாங்கிக் கொடுக்க, அடங்கித் தூங்கினார்.

இப்போது ஆளுக்கொரு யோசனை. வாசகியின் அண்ணன் ஒரு குடி மீட்பு மையத்தின் நம்பர் கொடுத்திருக்கிறார். போன் போட்டால் ஆட்களோடு வண்டி வந்து தூக்கிப் போகுமாம். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாதாம். நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஒரு அட்டை மாத்திரை கொண்டு வந்து, தெரியாமல் ரசத்தில் கலந்து கொடு என்கிறார். மாமியார், "உன் வாயாலதான் அவன் குடிக்கறான்" என்கிறார். வாசகி கேட்பது இது: "கவுன்சிலிங்குக்கும் ஒருக்கா கூட்டிட்டுப் போனேனுங்க. ஒரு மணி நேரம் பேசினாங்க. வெளிய வந்து நேரா கடைக்குப் போயிட்டாரு. பேசி எல்லாம் திருத்த முடியுங்களா? மாலை போட்டா விட முடியுது, எங்களுக்காக விட முடியலைன்னா பாசம் இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?"

அந்த மூன்றாம் நாள் ராத்திரி

அம்மா, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்திலேயே மிக அவசரமானது அந்த ராத்திரிதான்.

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். வருடக்கணக்கில் தினமும் அது வந்தால், மூளை அதை ஈடுகட்டத் தன் பரபரப்பை ஏற்றி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் மது திடீரென்று நின்றால், ஏற்றி வைத்த பரபரப்பு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் போல ஆனதும் நடுக்கம், வேர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: இடம் தெரியாது, ஆள் தெரியாது, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும், நாடி எகிறும், காய்ச்சல் அடிக்கும். இதற்கு டெலீரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது அதுதான் என்று கடிதத்தைப் படித்த அளவில் சொல்வேன். விரதத்தில் யாரும் தப்புச் செய்யவில்லை. குவாட்டர் உள்ளே போனதும் அடங்கியதற்குக் காரணம், எது நின்றதால் மூளை கலங்கியதோ அதையே திரும்பக் கொடுத்ததுதான்.

முந்தின வருடங்களில் மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பீர்கள். அப்போது அளவு குறைவு. தவிர, திடீரென நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் திரும்பத் திரும்ப நடந்தால், ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது வரும் தொந்தரவு கடுமையாகிக்கொண்டே போகும். ஒரு முறை புத்தி தடுமாறியவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே, இனி வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பாட்டிலைக் கொட்டுவது, அறையில் பூட்டி வைப்பது, குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கி அன்றே நிறுத்தச் சொல்வது எதுவும் வேண்டாம். ஒரு டாக்டரே இப்படிச் சொல்வதா என்று இருக்கும். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் வைத்து நிறுத்த வேண்டும். அங்கே குளோர்டயஸிபாக்ஸைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராஸிபாம் போன்ற மருந்தைத் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி கட்டாயம். குடிப்பவர்கள் பலருக்கு உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். நடுக்கத்தைப் பார்த்து, தயமின் போடாமல் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரலாம். "இவர் தினமும் குடிப்பவர்" என்று டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்தப் பத்து நாள் முடிந்ததும் பல குடும்பங்கள் வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுகின்றன. கை நிற்கும், பசி எடுக்கும், முகம் தெளிந்திருக்கும். உண்மையில் குடிநோய்க்கான சிகிச்சை அந்த நாளில்தான் தொடங்குகிறது. மறுபடி குடிக்கத் தொடங்கும் ஆபத்து முதல் மூன்று மாதத்தில்தான் மிக அதிகம்.

மாலை விஷயத்துக்கு வருகிறேன். மாலை போட்ட ஆளிடம் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. பச்சை வேட்டியைப் பார்த்ததும் கூட்டாளிகள் தாமாகவே ஒதுங்குகிறார்கள். காலையில் குளியல், பஜனை, கூட நடக்க நாலு பேர், இத்தனாம் தேதி வரை என்று ஒரு முடிவு. ஊரே சேர்ந்து அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாங்கல் இருந்தால் இவரால் முடியும் என்பதற்கு மாலை நல்ல சாட்சி. உங்கள் மேல் இருக்கும் பாசத்தை அளக்க அதை எடுக்காதீர்கள். மாலை கழற்றிய மறுநாளும் அப்படி ஒரு தாங்கல் கிடைக்கும்படி செய்வதுதான் மற்ற எல்லாச் சிகிச்சையின் நோக்கமும்.

ரசத்தில் மாத்திரை

நங்கையா கொடுத்த அட்டையில் இருந்த பெயரை எழுதியிருந்தீர்கள். அது டைசல்பிராம். மது உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும்; ஈரல் அதை உடனே மாற்றிவிடும். டைசல்பிராம் அந்த மாற்றத்தைத் தடுத்துவிடுகிறது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிக்க, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயத்தில் கோளாறு உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம்.

மாத்திரை உள்ளே இருப்பது தெரிந்தவர் குடிக்கப் பயப்படுவார். அந்தப் பயம்தான் இந்த மருந்து வேலை செய்யும் விதம். தெரியாதவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? வழக்கம் போலக் குடிப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். என்ன கொடுத்தீர்கள் என்று அவசரப் பிரிவில் கேட்கும்போது நீங்கள் விக்கி நிற்பீர்கள். இன்னொன்றும் உண்டு. என்றைக்காவது அவருக்கு இது தெரிய வரும். அப்புறம் உங்கள் கையால் வைக்கும் சோற்றைத் தொட மாட்டார். நாளைக்கு ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையையும் நம்ப மாட்டார். "மூலிகைப் பொடி, பக்க விளைவே இல்லை" என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொருளுக்கும் இதே பதில்தான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் இதே டைசல்பிராமை, ஈரலையும் இதயத்தையும் சோதித்த பிறகு, அவர் சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் எதிரில் போட்டுக்கொண்டால் நல்ல பலன் உண்டு. தம்பதி சிகிச்சையில் இதை ஒரு சின்ன ஒப்பந்தமாகவே செய்ய வைப்போம். அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்" என்பார். நீங்கள் "சரிங்க, நல்லது" என்பீர்கள். பழசைக் கிளறக் கூடாது, நாளைக்கு என்ன ஆகுமோ என்று கேட்கக் கூடாது. இரண்டு நிமிட வேலை. ஆனால் வருடக்கணக்கில் சண்டைக்கு மட்டுமே வாய் திறந்த இரண்டு பேர் அந்த இரண்டு நிமிடத்தில் வேறு மாதிரி பேசிப் பழகுகிறார்கள்.

வேறு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன், குடித்தால் வரும் சுகத்தை மழுக்கும். அகாம்ப்ரோசேட், நிறுத்திய பின் நெடுநாள் இருக்கும் பரபரப்பையும் தவிப்பையும் தணிக்கும். ஈரல் எப்படி இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய முடியும். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் சமாச்சாரம் இல்லை.

வண்டி அனுப்பும் மையம்

உங்கள் அண்ணன் தங்கச்சி படும் பாட்டைப் பொறுக்காமல்தான் சொல்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து வைத்தியம் பார்க்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சம்மதம் இல்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பரிசோதித்து, அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையிலோ, தன்னையே கவனிக்க முடியாத நிலையிலோ இருக்கிறார் என்று முடிவு செய்ய வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள் வரைதான். அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிட அவருக்கு உரிமை உண்டு. சங்கிலியால் கட்டுவதும், கட்டாயமாக மொட்டை அடிப்பதும், கூலி இல்லாமல் வேலை வாங்குவதும் சட்டப்படி தடை. வீட்டாரோடு போனில் பேசவும் பார்க்க வருபவர்களைச் சந்திக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. மூன்று மாதம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில், உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி வந்தால் அங்கே டாக்டர் இருப்பாரா?

தங்கிச் சிகிச்சை பெறுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சூழ்நிலை சரியில்லாதவர்களுக்கு அது மிகவும் உதவும். சேர்ப்பதற்கு முன் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், ராத்திரி நர்ஸ் உண்டா, குடும்பத்தாருக்கு ஆலோசனை உண்டா, வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அந்த ராத்திரி போல அவருக்குப் புத்தி தடுமாறினாலோ வலிப்பு வந்தாலோ சம்மதம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்னும்போது எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தர அதே சட்டம் இடம் கொடுக்கிறது. 108க்குப் போன் செய்யுங்கள். மந்திரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"பேசி எல்லாம் திருத்த முடியுங்களா?"

நீங்கள் கூட்டிப் போன அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. குடும்பம் நாசமாகிறது, ஈரல் கெடும், பெண் குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் அவருக்குத் தெரியாததா? பல வருடமாக நீங்களும் மாமியாரும் சொன்னதையே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சொன்னார். அது அறிவுரை. பேச்சுச் சிகிச்சை என்று நாங்கள் சொல்வது வேறு.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் ஒரு அணுகுமுறையை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் அவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். ஊக்க நேர்காணல் என்று தமிழில் சொல்லலாம். குடிப்பவரின் மனதுக்குள் 'விடணும்' என்பதும் 'வேணும்' என்பதும் எப்போதும் இரண்டு பக்கமாக இருக்கும். நாம் 'விடு' என்று வாதாடினால், அவர் மிச்சமிருக்கும் 'வேணும்' பக்கத்தை எடுத்துக்கொண்டு நம்மோடு வாதாடுவார். ஆகவே சிகிச்சையாளர் வாதாடுவதில்லை. உங்கள் வீட்டுக்காரர் போன்ற ஒருவரோடு பேச்சு இப்படிப் போகும்:

"குடி உங்களுக்கு என்ன குடுக்குதுங்க?"

"தூக்கம் வருதுங்க. தறிச் சத்தம் ராத்திரியெல்லாம் காதுக்குள்ளயே நிக்குமுங்க. போட்டா அது அடங்குது."

"சத்தம் அடங்கித் தூக்கம் வருது. அப்பறம், காலைலைங்க?"

"காலைல கை நிக்கறதில்லைங்க. போன மாசம் பீஸுல டேமேஜ் விழுந்து கூலில புடிச்சுக்கிட்டாங்க."

"தறிக்காரருக்குக் கைதான எல்லாமுங்க."

"ஆமாங்க. எங்கப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

கடைசி வரியை யாரும் அவர் வாயில் திணிக்கவில்லை. அவராகச் சொன்னார். விடுவதற்கான காரணம் தன் வாயிலிருந்தே வரும்போது அது அடுத்த வாரம் வரை தங்கும். ஒரே தடவையில் இது முடியாது. இரண்டு மூன்று முறை ஆகும். முதல் முறை வெளியே வந்து கடைக்குப் போனதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மனம் கொஞ்சம் இறங்கியதும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அது கைத்தொழில் கற்பது மாதிரியான வேலை. ஒரு வாரம் முழுக்க எப்போது, எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் குடிக்கத் தோன்றியது என்று எழுதி வரச் சொல்வோம். உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. சனிக்கிழமை துணியைக் குடோனில் போட்டுக் கூலி வாங்கித் திரும்பும் வழி ஒன்று. பாவு தீர்ந்து தறி நிற்கும் வெட்டி நாள் இன்னொன்று. கடை மூடும் பத்து மணிக்கு முன் வரும் பதைப்பு மூன்றாவது. மறுநாள் காலைக்குப் பாட்டில் இல்லையே என்ற பயம் அது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி வேண்டும். கூலி உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். குடோனுக்குத் தனியாகப் போக வேண்டாம், போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கட்டும். கூட்டாளி வண்டியை நிறுத்தி "வா மாப்ள, ஒரே ஒரு ரவுண்டு" என்றால் என்ன சொல்வது என்பதைச் சிகிச்சை அறையில் வாய்விட்டுப் பழக வைப்போம். "மாத்திரை சாப்பிடறனுங்க, சேராது" என்ற ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லப் பலருக்குப் பல முறை பழக வேண்டியிருக்கிறது.

குடிக்கத் தோன்றும் அந்த வெறியைப் பற்றியும் அவருக்குச் சொல்லித் தருவோம். அது கூடிக்கொண்டே போய்க் கடைசியில் ஆளை முறித்துவிடும் என்று குடிப்பவர்கள் நம்புகிறார்கள். அது ஆடிக் காற்று மாதிரி. எழும்பும், தூக்கிப் போடுவது போல வீசும், பிறகு தணியும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரைமணி நேரத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால்? பலர் குடிப்பார்கள். ஆலன் மார்லட் என்ற ஆய்வாளர் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். ஒரு தடவை சறுக்கிய ஆளைப் பழைய குடிக்கே கொண்டு போவது அந்த ஒரு கிளாஸைவிட, "போச்சு, நானெல்லாம் உருப்பட மாட்டேன், இனி என்ன?" என்ற எண்ணம்தான். அன்றைக்கு வீட்டில் "அப்பவே சொன்னேன்" என்று ஒரு சொல் விழுந்தால் அந்த எண்ணத்துக்கு முத்திரை குத்தியது போல ஆகும். மறுநாளே சிகிச்சையாளரிடம் போய், எந்த இடத்தில் கால் தவறியது என்று பார்ப்பதுதான் முறை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களையும் நான் வலியுறுத்திச் சொல்வேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், குடியிலிருந்து மீள நினைத்த இரண்டு பேர் சந்தித்ததில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாலை போட்ட நாளில் கிடைத்த அந்த நாலு பேர் துணை அங்கே வருடம் முழுக்கக் கிடைக்கும்.

எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் ஊக்கச் சிகிச்சை, நடத்தைச் சிகிச்சை, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழிக்குக் கொண்டு செல்லும் சிகிச்சை என மூன்றையும் ஒப்பிட்டார்கள். 1997இல் முடிவு வந்தது. மூன்றிலும் குடி வெகுவாகக் குறைந்தது. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் நாட்டில் கோவாவில், பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களைக் கொண்டே சில அமர்வுகள் ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து விடுபட்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், பெறாதவர்களில் 26 சதவீதம். அவர்கள் உங்கள் வீட்டுக்காரர் அளவுக்கு முற்றாதவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இவருக்கு மருந்தும் பேச்சும் இரண்டும் வேண்டும், ஒரு வருடமாவது தொடர வேண்டும். ஆனாலும் பேச்சுக்குப் பலம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அவர் வரவே மாட்டேன் என்றால்

அவராக மனம் மாறும் வரை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ராபர்ட் மேயர்ஸ் என்பவர் குடும்பத்தாருக்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கினார். சிகிச்சைக்கு வர மறுத்தவர்களின் வீட்டாருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டார் பயிற்சி பெற்றதில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார வைத்து நெருக்கும் முறையில் 30 சதவீதம் பேர்தான் வந்தார்கள்.

அந்தப் பயிற்சியின் சாரம் இது. குடிக்காத நேரம் அவருக்கு இனிமையாக இருக்க வேண்டும். குடித்த நேரத்தில் நீங்கள் ஒதுங்கிவிட வேண்டும். குடித்து வந்தவரிடம் நியாயம் கேட்காதீர்கள், அழாதீர்கள், விடிய விடியப் பேசாதீர்கள். சோற்றை எடுத்து வைத்துவிட்டு மகளோடு உள்ளே போய்விடுங்கள். தெளிவாக இருக்கும் நேரத்தில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். குடிப் பேச்சை அப்போது எடுக்க வேண்டாம். அடுத்தது, குடியின் விளைவை நீங்கள் சுமக்காதீர்கள். அவர் எழ முடியாமல் கிடக்கும்போது குடோனுக்குப் போன் செய்து "காய்ச்சலுங்க" என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறீர்கள். இனி அவரே பேசட்டும். கடையில் வைத்த கடனை நீங்கள் அடைக்க வேண்டாம். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் இந்த விதி கிடையாது.

சிகிச்சைப் பேச்சை எடுக்க நேரம் பார்க்க வேண்டும். கூலியில் பிடித்தது, மகள் முகம் திருப்பியது என்று அவரே நொந்து நிற்கும் சமயம் வரும். அப்போது, "அந்த ராத்திரி உங்களுக்கு வந்தது நோயாம்ங்க, டாக்டர் எழுதியிருக்காரு. திங்கக்கிழமை போய்க் கேட்டுட்டு வந்தரலாமா?" என்று மட்டும் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை முன்பே விசாரித்து வைத்திருங்கள். அவர் சரி என்று சொல்லும் மனது ஒரு நாள் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது.

மாமியார் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி மரபுவழி வருவதாக இரட்டையர்களிடமும் தத்துக் குழந்தைகளிடமும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மாமனாருக்கு இருந்தது மகனுக்கும் வந்திருக்கிறது. உங்கள் வாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாமியாரும் வாழ்நாள் முழுக்க இதையே பட்டவர். அந்த வேதனைதான் உங்கள் மேல் திரும்புகிறது. முடிந்தால் அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கை நீட்டியதைக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். குடி நோய்தான், அடிப்பதற்கு அது அனுமதி ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, வீடும் தறியும் யார் பேரில் இருந்தாலும் அந்த வீட்டில் குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். 181 பெண்களுக்கான உதவி எண். கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மகளுக்குப் பரீட்சை நெருங்கும் வாரங்களில் போய் இருப்பது நல்லதே. கோபித்துக்கொண்டு போனதாக இல்லாமல், "நீங்க ஆஸ்பத்திரியில சேர்ற அன்னைக்கு நான் கூட இருப்பேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மகளிடமும் மறைக்க வேண்டாம். அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய், அது அவளால் வந்ததில்லை, அதைச் சரி செய்யும் பொறுப்பும் அவளுடையதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மொட்டை மாடிக்குப் போகும் பிள்ளைக்கு இந்த மூன்றும் தெரிய வேண்டும்.

போக வேண்டிய இடம்: திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எதுவானாலும் மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டுப் போடுங்கள், கட்டணம் இல்லை. கையில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வலிப்பு எப்போதாவது வந்ததா, அந்த மூன்றாம் நாள் ராத்திரி என்னென்ன நடந்தது, சர்க்கரை அல்லது பிரஷருக்கு மாத்திரை ஏதும் உண்டா. நங்கையா கொடுத்த அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதில் இதுவரை ஒன்றாவது ரசத்தில் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் இந்த வாரம் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் டாக்டரைப் பார்த்துப் பேசலாம். அதற்கும் முன் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டும் இலவசம்.